சிறிய மருத்துவமனையில் சிகிச்சைத் தரம்: ஷிப்ட் மாறும் நேரத்திலிருந்து தொடங்கலாம்

[திரையில்: இரவு எட்டு மணி. வார்டில் ஒரு நர்ஸ் கிளம்புகிறார், இன்னொருவர் வருகிறார்.]

ஆறாம் படுக்கையில் சர்க்கரை நோயுள்ள ஒரு அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மதியத்திலிருந்து வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை. பகல் டியூட்டி நர்ஸுக்கு இது தெரியும். கிளம்பும் அவசரத்தில் சொல்ல விட்டுப்போகிறது. இரவு வந்தவர் கேஸ் ஷீட்டில் உள்ளபடி இன்சுலின் போடுகிறார். நள்ளிரவில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

இரண்டு நர்ஸ்களும் திறமையானவர்கள், மருந்தும் சரியான மருந்துதான். தகவல் மட்டும் கைமாறவில்லை.

[திரையில்: மூன்று கட்டங்கள்]

சிகிச்சைத் தரத்தை மூன்று கோணத்தில் பார்க்கலாம் என்று 1966-இல் அவேடிஸ் டோனபேடியன் என்ற மருத்துவர் எழுதினார். கட்டடம், கருவி, ஆட்கள் ஒன்று. அவற்றை வைத்து அன்றாடம் என்ன செய்கிறோம் என்பது இரண்டாவது. நோயாளிக்கு என்ன ஆனது என்பது மூன்றாவது. தரத்தை உயர்த்த வேண்டும் என்றதும் பெரும்பாலும் முதல் கட்டத்துக்குத்தான் ஓடுகிறோம். பணம் குறைவாக உள்ள மருத்துவமனை இரண்டாவதில் கை வைப்பதே நல்லது என்பது என் கருத்து. அதிலும் முதலில் கவனிக்க வேண்டியது, ஷிப்ட் மாறும் அந்தச் சில நிமிடங்களை.

அதற்கு எஸ்பார் (SBAR) என்று, தகவலை ஒப்படைக்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. நான்கு விஷயங்களை, எப்போதும் ஒரே வரிசையில் சொல்ல வேண்டும்.

[திரையில்: நிலை, பின்னணி, கணிப்பு, செய்ய வேண்டியது]

"ஆறாம் படுக்கை அம்மாவுக்கு மதியத்திலிருந்து வாந்தி, ஒன்றும் சாப்பிடவில்லை. கால் புண்ணுக்காகச் சேர்ந்தவர், சர்க்கரை நோய் உண்டு, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. வழக்கமான இன்சுலின் போட்டால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், பத்து மணிக்கு மறுபடி சர்க்கரை பாருங்கள்."

இவ்வளவுதான். படித்தால் அரை நிமிடம்கூட ஆகாது. இதைப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் இன்னும் நல்லது. விட்டுப்போனதை நோயாளியே எடுத்துச் சொல்வார்: "சிஸ்டர், காலையில் மயக்கமும் வந்ததே!" பக்கத்துப் படுக்கைக்குக் கேட்கக்கூடாத விஷயத்தை மட்டும் தள்ளி நின்று பேசிக்கொள்ளுங்கள்.

வரிசையாகச் சொல்வதால் பெரிதாக என்ன மாறிவிடும் என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. யார் நோயாளி, எந்த இடத்தில் அறுவை, ஒவ்வாமை உண்டா என்று சத்தமாகக் கேட்டுச் சொல்லும் பட்டியல். 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் பேசாமல் டிக் மட்டும் போட்டுவைத்தால் இந்தப் பட்டியலால் பயன் வராது.

சரி, எப்படித் தொடங்குவது? மருத்துவமனை முழுக்கச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டாம். ஒரு வார்டு, ஒரு ஷிப்ட், ஒரு வாரம் போதும். அதற்கு முன்பே ஒன்றை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்: இருபது நோயாளிகளை ஒப்படைத்தபோது எத்தனை பேருக்கு ஒவ்வாமை பற்றிச் சொன்னார்கள்? வாரக் கடைசியில் மறுபடி எண்ணுங்கள். கூடவில்லை என்றால் முறையை மாற்றி அடுத்த வாரம் பாருங்கள். திட்டமிடு, செய், பார், திருத்து என்ற இந்தச் சுழற்சி தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டிலிருந்து வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போதும் இதே சிக்கல்தான். அங்கே தகவலை வாங்கிக்கொள்பவர் நோயாளி. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இந்த மாத்திரையை வீட்டில் எப்படிப் போடுவீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் நம் விளக்கம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி சொல்ல வேண்டும்.

[திரையில்: நர்ஸ் மேசையில் ஒரு நோட்டு]

அப்புறம், நூலிழையில் தப்பிய சம்பவங்களை எழுத ஒரு நோட்டு வையுங்கள். எழுதியவரைத் திட்டினால் அன்றோடு நோட்டு காலியாகவே கிடக்கும். வாரம் ஒரு முறை அதைப் படித்து, எதை மாற்றினோம் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். தான் எழுதியதால் ஒன்று மாறியது என்று தெரிந்தவர்தான் அடுத்த முறையும் எழுதுவார்.