‘கடனாளி’: டிஎன்டி-யில் சொந்தமாக ஒரு கிளாஸை உருவாக்கிச் சமன்செய்தல்

[திரையில்: காலியான கிளாஸ் அட்டவணை, லெவல் 1 முதல் 20 வரை]

வணக்கம். பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் (டிஎன்டி) ஐந்தாம் பதிப்பு 2014-இல் வெளிவந்தபோது அதில் 12 கிளாஸ்கள், அதாவது கதாபாத்திர வகைகள், இருந்தன. அடுத்த பத்தாண்டுகளில் அதிகாரபூர்வமாகச் சேர்ந்த முழுமையான கிளாஸ் ஒன்றே ஒன்றுதான்; அது 2019-இல் வந்த ஆர்டிஃபிசர். மற்ற புதிய எண்ணங்கள் பெரும்பாலும் சப்கிளாஸ்களாகவே, அதாவது ஒரு கிளாஸின் உட்பிரிவுகளாகவே, வந்தன. ஆகவே, ஹோம்ப்ரூ கிளாஸ், அதாவது சொந்தக் கிளாஸ், எழுத உட்காருபவர், தம் எண்ணத்துக்கு ஒரு சப்கிளாஸே போதாதா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் போதும்.

போதாது என்று சொல்லத்தக்க ஓர் எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். இதற்குக் ‘கடனாளி’ என்று பெயர் வைக்கலாம். நாளைய வலிமையை இன்றே வாங்கி அடிக்கும் போர்வீரர் இவர். ஆயுதத் தாக்குதல் எதிரியின்மேல் படும் ஒவ்வொரு முறையும், விரும்பினால் ஓர் ஆறுமுகப் பகடை அளவுக்குக் கூடுதல் டேமேஜ் (சேதம்) சேர்க்கலாம். அதற்கு ஒரு கடன் புள்ளி ஏறும். லாங் ரெஸ்டுக்கு (நீண்ட ஓய்வு) சற்று முன், புள்ளிக்கு ஒரு பகடை வீதம் தம் ஹிட் பாயின்டிலிருந்து (உயிர்ப் புள்ளிகள்) கழித்துக் கடனை அடைக்க வேண்டும்.

[திரையில்: லெவல் 5, மாடிஃபையர் (திறனுக்காகப் பகடையோடு கூட்டும் எண்) +4, தாக்குதல் படும் வாய்ப்பு 65 சதவீதம்]

கணக்கைப் பார்ப்போம். லெவல் 5-இல் கிரேட்சோர்ட் ஏந்திய ஃபைட்டருக்கு இரண்டு தாக்குதல்கள் உண்டு. கிரிட்டிகலையும் (டேமேஜ் பகடைகள் இரட்டிப்பாகும் அடி) சேர்த்தால் சுற்றுக்குச் சராசரியாக 15 டேமேஜ் வரும். எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் என்னும் மந்திரத் தாக்குதலுடன், அதன் டேமேஜைக் கூட்டும் ஹெக்ஸும் அகோனைசிங் பிளாஸ்டும் வைத்திருக்கும் வார்லாக் என்னும் மந்திரவாதிக்கு 17.8. சமநிலை பேசுபவர்கள் அளவுகோலாகக் கொள்வது பெரும்பாலும் இந்த வார்லாக்கைத்தான். அதே கிரேட்சோர்டைக் கடனாளியிடம் கொடுத்தால் 19.9 ஆகிறது.

இங்கேயே பலர் பகடையை நான்குமுகமாகக் குறைத்துவிட்டு, 18.5 வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அது அவசர வேலை. ஒரு சுற்றின் சராசரி, அந்த நாள் எப்படிப் போகிறது என்பதைச் சொல்வதில்லை.

மூன்று சுற்றுகளில் முடியும் ஒரு சண்டையை வைத்துக்கொள்வோம். ஃபைட்டர் ஆக்‌ஷன் சர்ஜைச் செலவழித்தால் ஒரு முறை கூடுதலாகச் செயல்பட்டு நான்கு சுற்றுக்கான அடியை அடிக்கிறார்; மொத்தம் 60. கடனாளியின் மொத்தம் 59.7. நாளுக்கு ஒரே சண்டை நடத்தும் டிஎம்முக்கு (ஆட்டத்தை நடத்துபவர்) இந்தக் கிளாஸ் பழுதில்லாததாகத் தோன்றும். ஆனால் 2014 விதிகள் ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு மோதல்களை எதிர்பார்க்கின்றன. ஆறு சண்டைகள், இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (அந்தத் திறனை மீட்டுத் தரும் குறுகிய ஓய்வு) என்று வைத்தால் ஃபைட்டருக்கு மூன்று ஆக்‌ஷன் சர்ஜ்தான் கிடைக்கும். அவருடைய மொத்தம் 315, கடனாளியின் மொத்தமோ 358. பகடையும் விதியும் மாறவில்லை, மேசை மட்டுமே மாறியிருக்கிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை கடன் அடைக்கும் நேரத்தில் இருக்கிறது. லாங் ரெஸ்ட் எடுத்தால் ஹிட் பாயின்ட் முழுவதும் திரும்பிவிடும் என்பதால், அதற்கு முந்தைய நிமிடத்தில் கட்டும் வட்டி யாருக்கும் வலிக்காது. ஹிட் பாயின்டுக்குப் பதிலாக ஹிட் டைஸை, அதாவது ஷார்ட் ரெஸ்டில் ஹிட் பாயின்டை மீட்க உருட்டும் பகடைகளை, கழிக்கச் சொல்லலாம் என்று தோன்றும். 2014 விதிப்படி ஒரு லாங் ரெஸ்டில் மொத்த ஹிட் டைஸில் பாதிதான் திரும்பும் என்பதால் அங்கே இது உறைக்கும். 2024 திருத்தத்தில் செலவழித்தவை அனைத்தும் திரும்பிவிடுவதால் அங்கே ஒவ்வொரு காலையும் கடன் தள்ளுபடிதான்.

எனவே விலை சண்டைக்குள்ளேயே வசூலாக வேண்டும். பார்பேரியனின் ரெக்லஸ் அட்டாக் இதற்கு நல்ல முன்மாதிரி: அட்வான்டேஜுடன் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) அடிக்கலாம், ஆனால் அவருடைய அடுத்த முறை வரும்வரை எதிரிகளும் அவரை அட்வான்டேஜுடன் அடிப்பார்கள்.

[திரையில்: திருத்திய விதி]

கடனாளிக்கு ஒரு கடன் வரம்பு வைப்போம். வரம்பைத் தாண்டிய பிறகு, கடன் அடையும்வரை எதிரிகளின் தாக்குதல்கள் எல்லாவற்றுக்கும் அவர்மேல் அட்வான்டேஜ் உண்டு. ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால்தான் கடன் அடையும். இனி, கடன் வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி ஒவ்வொரு அடியிலும் ஆட்டக்காரர் முன் நிற்கும். மேலுள்ள கணக்கில் ஒரு சண்டைக்கு ஏறக்குறைய நான்கு புள்ளிகள் ஏறுவதால், லெவல் 5-இல் வரம்பை மூன்றாக வைத்தால் முதல் சண்டையின் கடைசிச் சுற்றிலேயே அந்தக் கேள்வி கடிக்கத் தொடங்கும்.

அந்த மூன்றை புரொஃபிஷியன்சி போனஸோடு (தேர்ச்சிக்காகப் பகடையில் கூட்டும் எண்) கட்டிவிட ஆசை வரும். லெவல் 5-இல் அதுவும் மூன்றுதான். ஆனால் அந்த போனஸ், கதாபாத்திரம் ஏறிய எல்லாக் கிளாஸ்களின் மொத்த லெவலைப் பொறுத்து வளர்வது. ஃபைட்டரில் 11 லெவல் ஏறியவர் கடனாளியில் ஒரே ஒரு லெவல் எடுத்து, ஆக்‌ஷன் சர்ஜோடு ஒரே முறையில் ஆறு தாக்குதல்களிலும் கூடுதல் பகடை உருட்டுவார். வரம்பும் தானாக வளர்ந்திருக்கும். ஆகவே வரம்பைக் கடனாளி லெவலோடு மட்டும் இணைத்து, ஒரு முறையில் இரண்டு கடனுக்கு மேல் கூடாது என்றும் எழுதிவிட வேண்டும்.

டேமேஜ் சரியாக இருந்தாலும் கிளாஸ் தோற்கலாம் என்பதற்கு 2014-இன் ரேஞ்சர் என்னும் காட்டுவழி வீரர் கிளாஸைப் பாருங்கள். தமக்குப் பழகிய நிலப்பரப்பில் அவருடைய குழு, மாயத்தால் அன்றி வழிதவறாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மேசையில் அது காட்டுப் பயணத்தைச் சுவையாக்காமல் பயணத்தையே ஒரு வரியில் முடித்துவிட்டது. ரேஞ்சரின் சப்கிளாஸான பீஸ்ட் மாஸ்டரின் விலங்கோ, ரேஞ்சர் தம் ஆக்‌ஷனைச் செலவழித்து ஏவினால்தான் தாக்கும். 2016-இல் ஒரு சோதனைத் திருத்தமும் 2020-இல் மாற்று அம்சங்களும் வந்த பிறகும் 2024-இல் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. என் பார்வையில் அங்கே குறைந்தது ஆட்டக்காரர் முடிவெடுக்கும் தருணங்கள்தான். ஆகவே கடனாளிக்குச் சண்டைக்கு வெளியேயும் கடன் கொடுங்கள்: பூட்டைத் திறக்கவோ காவலரைப் பேசி மடக்கவோ ஒரு பகடை சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் புள்ளி அடுத்த சண்டைக்குள் கூடவே வரும்.

சோதித்துப் பார்க்கும்போது லெவல் 5, 11 இரண்டிலும் ஆடுங்கள், ஃபைட்டரும் ரோகும் இருக்கும் குழுவில் ஆடுங்கள். ஒரு சண்டை மட்டும் உள்ள நாள் ஒன்று, ஆறு சண்டை உள்ள நாள் ஒன்று. டேமேஜைக் குறிப்பதோடு, கடனாளி ஆடுபவர் எத்தனை முறை ‘இப்போது வேண்டாம்’ என்றார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்றால் வரம்பை ஒன்று குறையுங்கள். வரம்பை எட்டிய பிறகு அவர் ஒரு கடன்கூட வாங்கவில்லை என்றால், எல்லாத் தாக்குதல்களுக்கும் இருந்த அட்வான்டேஜைச் சுற்றின் முதல் தாக்குதலுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டு, வேறெதையும் தொடாமல் அதே இரண்டு நாள்களை மறுபடி ஆடுங்கள்.