குழந்தையை அட்மிட் பண்ணிட்டாங்களா? இதைக் கேட்டுட்டுப் போங்க

வணக்கம். குழந்தைக்கு காய்ச்சல் விடவே இல்ல, டாக்டர் அட்மிஷன் போட்டுட்டாரு, கையில ஒரு பாஸ் குடுத்து ஒருத்தர் மட்டும் இருங்கன்னுட்டாங்க, கொஞ்ச நேரத்துல ட்ரிப் போட சிஸ்டர் வந்து "அம்மா கொஞ்சம் வெளிய நில்லுங்க"ன்றாங்க. நம்மள்ல நிறைய பேரு ஏன்னு கேக்காமலே எழுந்து போயிடுவோம்.

கேக்கலாங்க. "நான் மடியில வச்சுக்கிறேன், அப்படியே போட முடியுமா சிஸ்டர்?"னு கேக்கறதுல தப்பே இல்ல. நீங்க கூட இருக்கறது ஆஸ்பத்திரிக்காரங்க உங்களுக்கு காட்டுற சலுகை கிடையாது, அது குழந்தையோட உரிமை.

(திரையில்: பழைய வார்டு, வரிசையா கட்டில்)

பிரிட்டன்ல ஒரு காலத்துல பெத்தவங்க வாரத்துல கொஞ்ச நேரம்தான் போய் பார்க்க முடியும், பார்த்தா குழந்தை அழுதுன்னு காரணம் சொன்னாங்க. அழாம கிடக்குற குழந்தை பழகிடுச்சுன்னு நினைச்சாங்க. 1952ல ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருந்த ஒரு ரெண்டு வயசு குழந்தையை படம் புடிச்சு, அது பழகல, உள்ளுக்குள்ள ஒடுங்கிப் போயிருக்குன்னு காட்டினாரு, டாக்டருங்க பல பேரு ஒத்துக்கவே இல்ல. 1959ல பிரிட்டன் அரசு அமைச்ச பிளாட் கமிட்டி வந்துதான் பெத்தவங்க எப்ப வேணா வரட்டும்னு எழுதிச்சு. 1988ல நெதர்லாந்து லெய்டன்ல, ஆஸ்பத்திரியில இருக்குற குழந்தைங்களோட உரிமைக்காக போட்ட 10 அம்ச சாசனத்துலயும் பெத்தவங்க எந்நேரமும் கூட இருக்கலாம்னு இருக்கு.

அது ஐரோப்பா கதைன்னு விட்டுடாதீங்க. ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையில இந்தியா 1992லயே சேர்ந்தாச்சு. பச்சிளம் குழந்தை வார்டுல கூட அம்மா அப்பாவுக்கு கத்துக்குடுத்து கவனிப்புல சேர்த்துக்கணும்னு மத்திய அரசே 2017ல வழிகாட்டுதல் போட்டிருக்கு. ஆபரேஷன் தியேட்டர், உயிர் போற அவசரம், அதெல்லாம் வேற. அப்பவும் குழந்தை எப்படி இருக்குன்னு யாரு வந்து சொல்லுவாங்க, எப்ப சொல்லுவாங்கன்னு கேட்டு வச்சுக்கோங்க.

இப்ப நம்ம பக்கம் வரேன், கோச்சுக்காதீங்க. அந்த ஐநா உடன்படிக்கையில குழந்தை பேச்சுக்கும் அதோட வயசுக்குத் தகுந்த மதிப்பு குடுக்கணும்னு இருக்கு. நாம என்ன பண்றோம்? "வலிக்கவே வலிக்காது"ன்னு பொய் சொல்றோம், "அடங்கலன்னா ஊசி போடச் சொல்லுவேன்"னு மிரட்டுறோம், அப்புறம் வெள்ளை கோட்டைப் பார்த்தாலே அலறுதேன்னு அலுத்துக்கறோம். சுருக்குனு இருக்கும், அம்மா கையை புடிச்சுக்கோன்னு உள்ளதை சொல்லுங்க, எந்தக் கையில போடலாம்னு அதுகிட்டயே கேளுங்க (டாக்டர் சரின்னா).

சைன் போடுற பேப்பர்? என்ன ஆபரேஷன், வேற வழி இருக்கா, ரிஸ்க் என்ன, தமிழ்ல சொல்லுங்கன்னு கேட்டுட்டு போடுங்க. வேற டாக்டர்கிட்டயும் காட்டலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல தயாரிச்ச நோயாளி உரிமை சாசனத்துல இதெல்லாம் இருக்கு, பில் பாக்கின்னு குழந்தையை டிஸ்சார்ஜ் பண்ணாம நிறுத்தி வைக்கக் கூடாதுன்றதும் அதுலயே இருக்கு.

குழந்தையோட சிகிச்சை ரெக்கார்ட்ஸ் வேணும்னா எழுதிக் குடுத்து, அந்த லெட்டரை வாங்கிக்கிட்டோம்னு ஆஸ்பத்திரியில ஒரு சைன் வாங்கிக்கோங்க. 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு டாக்டர்களுக்கான 2002 விதியிலயே இருக்கு.