கோழிப் பண்ணையிலிருந்து ஓர் உளவாளி

வணக்கம் நேயர்களே. உளவாளிக் கதை என்றதும் துப்பாக்கியும் கோட்டு சூட்டும்தான் நினைவுக்கு வரும். கதை எழுத நினைக்கிறவங்களுக்காக நான் பேச வந்தது வேறு மாதிரி உளவாளியைப் பற்றிங்க. பயிற்சி கிடையாது, முன்யோசனை கிடையாது, துணிச்சல் மட்டும் அளவுக்கு மீறி உண்டு. அவன் பண்ணுகிற கூத்துக்குச் சிரித்துக்கொண்டே இருப்போம், நடுவில் ஒரு உயிர் போய்விடும்.

இப்படியொருவர் நிசமாகவே இருந்தார். ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாக்காரர், ஹுவான் புஜோல் கார்சியா. கோழிப் பண்ணை பார்த்தவர். பல்லடத்திலும் நாமக்கல்லிலும் கேட்டுக்கொண்டிருக்கிறவங்க கவனிக்கணும், கோழிப் பண்ணைங்க! இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல், உளவு பார்க்கிறேன் என்று பிரிட்டிஷ்காரர்களிடம் போனார், சேர்த்துக்கொள்ளவில்லை. நேராக ஜெர்மானியர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கிலாந்து போகிறேன் என்று சொல்லிவிட்டு போர்ச்சுகலின் லிஸ்பனில் உட்கார்ந்து, சுற்றுலாக் கையேட்டையும் ரயில் அட்டவணையையும் பார்த்து அறிக்கை எழுதினார். கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்கு எதையும் செய்கிற ஆட்கள் இருக்கிறார்களாம்! அந்த ஊர்க்காரர் குடிப்பது பீரும் விஸ்கியும். செலவுக் கணக்கு அதைவிட மோசம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் பணத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அவருக்குக் கூட்டத் தெரியவில்லை. இனம் இனமாக எழுதிவிட்டு, மொத்தம் பிறகு அனுப்புகிறேன் என்றார். ஜெர்மானியர்கள் நம்பினார்கள்.

1942-ல் பிரிட்டிஷ்காரர்களே அவரை லண்டனுக்கு வரவழைத்து, ஜெர்மானியர்களுக்குத் தொடர்ந்து பொய் அறிக்கை அனுப்பும் இரட்டை உளவாளியாக்கி, 'கார்போ' என்று ரகசியப் பெயர் வைத்தார்கள். அவருக்குக் கீழே 27 ஒற்றர்கள், அத்தனை பேரும் கற்பனை. லிவர்பூலில் இருந்ததாகச் சொன்ன ஒற்றன், அங்கிருந்து கிளம்பிய கப்பல்களைப் பற்றித் தகவல் தரவில்லை. ஏன் தரவில்லை என்று கேட்பார்களே? அவனுக்கு நோய் வந்தது, செத்தும் போனான், பத்திரிகையில் இரங்கல் செய்தியும் வந்தது. பிறக்காத ஆளின் விதவைக்கு ஜெர்மனி உதவித்தொகை கொடுத்தது. 1944-ல் ஜெர்மனியின் இரும்புச் சிலுவையும் பிரிட்டனின் எம்.பி.இ. விருதும் ஒரே ஆளுக்கு!

கதை எழுத நினைக்கிறவங்க இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தச் செலவுக் கணக்கை. மறுபடியும் சொல்றேன், கணக்கை. நாயகனுக்குத் துப்பாக்கி வேண்டாம், ஒரு தொழில் வேண்டும். பல்லடம் பக்கத்து பிராய்லர் பண்ணைக்காரரை எடுத்துக்கொள்ளுங்க. குஞ்சு பல்புக்கடியில் நெருக்கி ஒட்டினால் சூடு பத்தவில்லை, ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். ராத்திரியெல்லாம் விழித்துப் பார்த்துப் பழகியவர். இறங்கிய குஞ்சு, செத்தது, தின்ற தீவன மூட்டை எல்லாம் தினமும் அட்டையில் ஏறணும், கம்பெனி சூப்பர்வைசர் வந்தால் கணக்கு ஒத்துப்போகணும். அப்படிப்பட்டவர் இல்லாத ஒற்றனுக்கு டீச்செலவு எழுதினால் நாம் நம்புவோம். நாயகன் ஜோக் அடிக்க ஆரம்பித்தால் கதை படுத்துவிடும். ஏனென்றால் அவருக்கு இது சிரிப்பே இல்லை, உயிர் பிழைக்கிற வழி.

சிரிக்கிற கதையில் இருட்டு எங்கே வரும்? அறிக்கையை நிரப்புவதற்காக, கோழி ஏற்ற ராத்திரியில் வருகிற லாரியின் நம்பரை ஆயுத வண்டி என்று எழுதிவிடுகிறார். எதிராளி தாராபுரம் ரோட்டில் காத்திருக்கிறான். அந்த டிரைவர் சாவதற்கு முன்னால் இரண்டு தடவையாவது கதையில் வந்திருக்கணும்: ஒரு தடவை சில்லறை கேட்க, ஒரு தடவை தார்ப்பாய் கட்ட ஒரு கை கொடுங்க என்று. முகம் தெரியாத ஆள் செத்தால் வாசகருக்கு வலிக்காது.

அறிக்கையை வாங்கிக்கொண்டு பணம் அனுப்புகிற மேலதிகாரி பாத்திரத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் முடிந்துவிட்டது. அவரை முட்டாளாக மட்டும் எழுதிவிடாதீங்க. பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வெளியே சொன்னால் தன் வேலை போய்விடும் என்பதால்தான் அடுத்த மாதப் பணத்தையும் அனுப்புகிறார். வணக்கம்.