வடாம் போடும் வேலை ஏன் பிடிக்கிறது?

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், கோடை விடுமுறையிலும் பேச்சுக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வீட்டு வேலை என்றாலே சுமை என்று பேசிப் பழகிவிட்டோம். அதில் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன். ஆனால் சில வேலைகளை மக்கள் ஆசையாகச் செய்கிறார்கள். அரைத்த இட்லி மாவில் உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைப்பது ஒருவருக்குப் பிடிக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் புளியைக் கரைத்துக் குத்துவிளக்கைத் தேய்ப்பது இன்னொருவருக்குப் பிடிக்கும். வெயிலில் காய்ந்த துணியை எடுத்துவந்து, சூடு ஆறுவதற்குள் மடித்து அடுக்குவதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது வடாம் போடுவது. இன்று அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். ஒரு வேலை எப்போது பிடித்துப் போகிறது என்பது அதில் நன்றாகத் தெரிகிறது.

மே மாதம் அக்னி நட்சத்திர வெயில் தொடங்கியதும் மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவுவதில் ஆரம்பிக்கிறது அது. பச்சரிசி மாவு, அரைத்த பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம், எலுமிச்சம் பழம், இவ்வளவுதான் பொருள். விடியும் முன்பே அடுப்பில் தண்ணீர் கொதிக்க வேண்டும். கரைத்த மாவை அதில் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். முதலில் தண்ணீராக ஆடும் மாவு, சூடு ஏற ஏறக் கரண்டியைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். மாவுச்சத்தின் மணிகள் வெந்நீரைக் குடித்துப் பருத்து உடைவதால் வரும் கெட்டித்தன்மை அது. நிறம் மாறிப் பளபளப்பு வரும். தண்ணீர் தொட்ட விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். எந்தக் கடிகாரமும் அதைச் சொல்லாது, விரல்தான் சொல்லும். இறக்கி ஆறவைத்த பிறகுதான் எலுமிச்சம் பழம் பிழிய வேண்டும். கொதிக்கும்போதே பிழிந்தால் வாசனை போய்விடும், கூழும் நீர்த்துப் போகும்.

ஜவ்வரிசி வடாம் என்றால் முதல் நாள் இரவே ஊறப் போட வேண்டும். நம் வீடுகளுக்கு வரும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் இன்றும் அங்கே அதை விற்றுக் கொடுக்கிறது. வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்த மணிகள் வெந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

இனி மாடி. பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலையிலும் கல் வைக்க வேண்டும். முறுக்குப் பிழியும் நாழியில் கூழைப் போட்டு ஒருவர் பிழிந்துகொண்டே போவார், ஜவ்வரிசிக் கூழை இன்னொருவர் கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றிக்கொண்டே வருவார். காக்கையை விரட்டக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைப்பார்கள். அணிலுக்குக் குடையிடம் பயம் கிடையாது, அதற்குப் பிள்ளைகள்தான் காவல். காவல் இருக்கிற பிள்ளைகளே பாதி காய்ந்த வடாமை எடுத்துத் தின்பார்கள். தின்னட்டும். மேலே வெயிலில் உலர்ந்து உள்ளே இன்னும் மெத்தென்று இருக்கும் அந்த ருசி எந்தக் கடையிலும் கிடைக்காது. மிச்சக் கூழில் நல்லெண்ணெய் விட்டுச் சுடச்சுடச் சாப்பிடுவதற்காகவே கூடமாட வேலை செய்ய வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் தானாக உரிந்து வரும். அப்புறம் இரண்டு, மூன்று நாள் வெயில். ஒடித்தால் சத்தத்தோடு ஒடிய வேண்டும். நன்றாகக் காய்ந்த வடாமிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும். சூடான எண்ணெயில் அந்த ஈரம் நீராவியாகி மாவை உப்பவைக்கிறது. அரைகுறையாகக் காய்ந்தது பொரியாமல் சவசவவென்று கிடக்கும், டப்பாவில் பூஞ்சையும் பிடிக்கும்.

இவ்வளவு வெயிலில் இவ்வளவு நேரம் குனிந்து செய்யும் வேலை ஏன் பிடிக்கிறது? செய்தது கண்ணுக்குத் தெரிகிறது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்தாலும் அங்கே இருக்கிறது. விளக்குத் தேய்ப்பதிலும் அப்படித்தான். புளியில் உள்ள அமிலம் பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைக்க, விரலுக்குக் கீழேயே மஞ்சள் நிறம் வெளியே வருகிறது. பாத்திரம் தேய்ப்பதில் அந்தச் சந்தோஷம் கிடைப்பதில்லை. காலையில் தேய்த்த அதே தட்டு ராத்திரி மறுபடியும் தொட்டிக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு காரணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். வடாம் போடும் நாளை நாம் தேர்ந்தெடுக்கிறோம். இந்த வருடம் முடியவில்லை என்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கூட நாலு பேர் இருக்கிறார்கள், பேச்சு இருக்கிறது. இதே வேலையைத் தினமும், தனியாக, செய்தே தீர வேண்டும் என்று ஒருவர் தலையில் வைத்தால் ஒரே வாரத்தில் கசந்துவிடும்.

சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குப் பிரியாணி செய்கிற கணவர் அதை ரசித்துச் செய்கிறார். நல்லதுதான். மீதி ஆறு நாளும் காலை ஐந்தரைக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டுகிற மனைவியிடம், "உனக்குச் சமையல்தான் ரொம்பப் பிடிக்குமே" என்று சொல்வது நல்லதல்ல. பிடிக்கும் என்ற சொல்லைக் காட்டி வேலையை ஒருவரிடமே தள்ளும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. அதை இந்த மேடையில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 சதவீதம் பேர் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான். ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குக் கொடுத்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரம் வேலை பார்த்தவரிடம் போய், எந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டால், "எதையாவது முடித்தால் போதும்" என்றுதான் பதில் வரும். ரசிப்பதற்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும். மாடி நிழலில் உட்கார்ந்து வடாம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரம், அடுப்படியில் வேறு ஒருவர் நின்றால்தான் கிடைக்கும்.

எனவே வீட்டில் வேலையைப் பங்கு போடும்போது பிடித்ததைக் கேளுங்கள், பிடிக்காததையும் கேளுங்கள். பிடித்தது போய்ச் சேர வேண்டியவரிடம் போகட்டும். யாருக்கும் பிடிக்காத பாத்திரம் தேய்ப்பதும், கழிப்பறை கழுவுவதும், குப்பை கொண்டுபோய்க் கொட்டுவதும் முறை வைத்துச் சுற்றி வரட்டும். அந்த முறையில் மகனும் இருக்க வேண்டும், தாத்தாவுக்கு முடிந்தால் தாத்தாவும் இருக்க வேண்டும்.

இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். ஒரு படி மாவுக்குக் கூழ் கிண்ட நல்ல தோள் பலம் வேண்டும், இங்கே இருக்கிற இளைஞர்களுக்கு அது இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவையுங்கள், ஆறிய கூழ்ப் பாத்திரத்தை மாடிக்கு நீங்களே தூக்கிப் போங்கள். பதம் பார்க்க மட்டும் அம்மாவை எழுப்புங்கள், முதல் தடவை அதற்கு அவர் விரல் வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.