தாமரையிலையும் லஞ்ச் சீற்றும்

(கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

போன மாசி மாதம் எங்கள் வீட்டுச் சிவலைப் பசு செத்துப்போனது. நாலு கன்று ஈன்ற மாடு. பத்து நாளாகத் தீன் எடுக்கவில்லை. வயிறு மட்டும் ஊதிக்கொண்டே வந்தது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டும் பலன் இல்லை. புதைக்க முன்னம் வயிற்றைத் திறந்து பார்த்தோம். முறுக்கிய கயிற்றுத் திரணை மாதிரி ஒன்று கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பாரம். கிணற்றடியில் வைத்துக் கழுவிப் பிரித்தேன். சொப்பிங் பை கொஞ்சம், உரப்பையின் உள்பை ஒன்று, மிச்சமெல்லாம் சோறு சுற்றின லஞ்ச் சீற். ஒன்றில் பருப்பின் மஞ்சள் கறைகூட இன்னும் போகவில்லை.

மாட்டைக் குறை சொல்ல ஏலாது. கறியின் உப்பு ஊறின தாள் அது, உப்பு இருக்கிற இடத்துக்கு மாடு எப்படியும் போகும். அசைபோட்டாலும் அரையாது, சாணத்தோடும் போகாது. முதல் இரைப்பையிலேயே தங்கி, ஒன்றோடொன்று சுற்றிச் சுற்றிப் பெருக்கும். 2017 செப்டம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீற்றை இந்த நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். தடை வந்தும் அது எங்கள் மாட்டின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அந்தச் சோற்றுப் பார்சலை நான் வாங்கியிருப்பேன், அல்லது இங்கே இருக்கிற யாரோ வாங்கியிருப்பீர்கள். சட்டத்தின் தலையில் கட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

போன கிழமை ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "ஐயா, உலகம் சூடாகிறதுக்கு நாங்களோ காரணம்? எங்களுக்கு ஏன் இந்த உபதேசம்?" நியாயமான கேள்வி. இலங்கையர் ஒருவரின் கணக்கில் வருசத்துக்குச் சேருகிற கரியமில வாயு ஏறக்குறைய ஒரு தொன். உலகச் சராசரி நாலு தொன்னுக்கும் மேல். லண்டனிலிருந்து ஒருவர் கொழும்புக்கு வந்து திரும்பினால் அந்த ஒரு பயணத்திலேயே ஒரு தொன்னுக்கு மேல் அவருடைய பங்கில் விழுந்துவிடும். திருவிழாவுக்கு வருகிற எங்கள் பிள்ளைகளை வரவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு அப்படி என்று மட்டும் சொல்கிறேன். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது தண்ணீருக்குள் நின்றவர்கள் இங்கே எத்தனையோ பேர். அப்படிப்பட்ட மழை இனி அடிக்கடி வரும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். உலகத்தைச் சூடாக்கியதில் எங்கள் பங்கு கொஞ்சம், நட்டத்தில் எங்கள் பங்கு பெரிது. தம்பி சொன்னது சரி.

ஆனால் தம்பி, அந்தத் திரணை லண்டனிலிருந்து வரவில்லை. வாய்க்காலில் நாங்கள் எறிகிற பை கனகராயன் ஆற்றோடு போய்ச் சுண்டிக்குளம் களப்பில்தான் ஒதுங்கும், பூநாரை இறங்குகிற அந்த இடத்தில். பின்னேரம் முற்றம் கூட்டிக் கொளுத்துகிற குப்பைக்குள் பொலித்தீனும் பீவிசி குழாய்த் துண்டும் கிடந்தால், அந்த நச்சுப்புகையை முதலில் குடிப்பது பக்கத்தில் நின்று விளையாடுகிற பேரப்பிள்ளைதான். சருகைக் கொளுத்தவே வேண்டாம், வாழையடியில் போடுங்கோ.

இனி ஒரு விசயத்தை மனம் விட்டுச் சொல்லவேண்டும். போர் நடந்த தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த சனம் நாங்கள். ஜாம் போத்தில் விளக்கில் பஞ்சு நனைய மட்டும் மண்ணெண்ணெய் விட்டுப் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். எறிய எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதைப் பெருமையாக நான் பேசமாட்டேன். மருந்தில்லாமல் உயிர் போன காலம் அது. அதனால்தான் சிக்கனம் என்ற சொல் எங்கள் காதில் இன்னும் வலிக்கிறது. மீளக்குடியேறிய பிறகு ஒரு தாய் மகளின் கலியாணத்தில் எல்லாம் புதிதாக, பளபளப்பாக, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்திலாக வைக்க ஆசைப்பட்டால், அந்த ஆசை எனக்கு விளங்குகிறது. இனி எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை என்று ஊருக்குக் காட்டுகிறார் அவர். அந்தத் தாயிடம் போய் "குறை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது வேறு. அன்று எங்களிடமிருந்து பறித்தார்கள், இப்போது தெரிவு செய்கிறது நாங்கள்.

நானூறு பேர் வருகிற கலியாணத்தில் நானூறு போத்தில். பந்தி எழும்பின பிறகு பாருங்கோ, பாதிப் போத்திலில் பாதித் தண்ணீர் நிற்கும். அந்தக் காசில் இரண்டு மூன்று கலியாணத்துக்குள் சனசமூக நிலையத்துக்கு முந்நூறு சில்வர் பேணி வாங்கலாம். பிறகு ஊரில் எந்த விசேசத்துக்கும் அதைக் கொடுக்கலாம். கழுவுகிறது ஆர் என்று தாய்மார் கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும், இவ்வளவு காலமும் கழுவினது நீங்கள்தானே! பொடியன்மார் கழுவட்டும். பந்தி பரிமாற ஓடி வருகிற கை, பேணி கழுவவும் வரவேண்டும்.

சைக்கிளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது ஆசிரியரும் அலுவலரும் சைக்கிளில்தான் போனார்கள். பெற்றோல் வந்த மறுநாளே சந்திக் கடைக்கு மோட்டார் சைக்கிள். கடை அரைக் கிலோமீற்றர்தான், நடந்தாலே போதும்.

இப்போது இலைக்கு வருகிறேன். எங்கள் அப்பா காலத்துப் பொங்கலில் சோறு தாமரையிலையில்தான், கூழ் பனையோலைப் பிளாவில்தான். சூடான சோறு விழுந்ததும் இலையிலிருந்து ஒரு வாசம் எழும்பும், அது தட்டில் வராது. சாப்பிட்டு எறிந்த இலையை மாடு தின்னும், தின்னாத இலை எருவாகும். குளம் இன்றைக்கும் தாமரையால் மூடிக் கிடக்கிறது. பறிக்கத்தான் ஆள் இறங்குவதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் அன்னதானம். இந்த முறை லஞ்ச் சீற் வேண்டாம் என்று தருமகர்த்தாவிடம் கேட்டேன். "இலை வந்தால் சரி" என்றார். நானூறு இலை வேண்டும். முதல் நாளே பறித்தால் வாடிவிடும், அதனால் அன்று விடியவே இறங்கவேண்டும். குளத்தில் முதலை உண்டு, ஆகவே சின்னப் பிள்ளைகள் வரவேண்டாம். வளர்ந்தவர்கள் கூட்டமாக, கரையோரமாக மட்டும் இறங்குவோம். தண்டில் முள் இருக்கிறது, கையுறை உள்ளவர்கள் போட்டு வாருங்கோ. நனைத்த சாக்கு இரண்டும் வேண்டும், இலையை அடுக்கி மூட. காலை ஐந்தரைக்குக் குளக்கட்டில் நிற்பேன்.