ஜான் டே ஊரின் சீன வைத்தியர்

வணக்கம். சீனர்கள் அமெரிக்காவில் குடியேறிய கதை என்றாலே எல்லாரும் நேராக சான்பிரான்சிஸ்கோவுக்குப் போய்விடுகிறார்கள். நான் உங்களை ஓரிகன் மாநிலத்தின் கிழக்கே, ஜான் டே என்கிற சின்ன ஊருக்குக் கூட்டிப்போகிறேன்.

1862-இல் அங்கே ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. மற்றவர்கள் அலசிப் போட்டுவிட்டுப் போன மண்ணை மறுபடியும் அலசியாவது நாலு காசு பார்க்கலாம் என்று தெற்குச் சீனாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வரவேற்ற லட்சணம் இது: சீனர்கள் இனி வந்தால் நிலமோ சுரங்கமோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஓரிகன் 1859-இல் மாநிலமானபோதே தன் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்திருந்தது. 1882-இல் மத்திய அரசும் சீனக் கூலித் தொழிலாளர் உள்ளே வரவே கூடாது என்று கதவைச் சாத்தியது. ஏற்கெனவே வந்திருந்த கூலிக்காரர் மனைவியைக் கூட்டிவரவும் வழியில்லாமல் போனது.

அந்த ஊரில் காம் வா சுங் என்று ஒரு கடை. கல் சுவர், குட்டி ஜன்னல்கள். 1880-களின் கடைசியில் லுங் ஆன், இங் ஹே என்ற இருவர் அதை எடுத்து நடத்தினார்கள். மளிகை, கும்பிட ஒரு மாடம், வழிப்போக்கர் படுக்கக் கட்டில், வைத்தியசாலை எல்லாம் ஒரே கூரைக்குள். லுங் ஆன் நல்ல ஆங்கிலம் பேசுவார், வியாபாரி, பிற்பாடு கார்கூட விற்றார். இங் ஹேதான் வைத்தியர். நாடி பிடித்துப் பார்த்து மூலிகை கொடுப்பார். தங்கம் தீர்ந்து சீனர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பண்ணைக் குடும்பங்கள்தான்!

லுங் ஆன் 1940-இல் இறந்தார், இங் ஹே 1952-இல். கடை வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தது. பிறகு திறந்து பார்த்தால், வைத்தியரின் கட்டிலுக்கடியில் நோயாளிகள் கொடுத்த காசோலைகள், மாற்றாமலே, சுமார் 23,000 டாலருக்கு. கருணை என்கிறார்கள். சரி, இருக்கட்டும். எனக்கென்னவோ, பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் நினைப்பையே மனுஷன் எப்போதோ விட்டுவிட்டார் என்றும் தோன்றுகிறது.

அதே கடையில் லுங் ஆனுக்குச் சீனாவிலிருந்து வீட்டார் எழுதிய கடிதங்களும் கிடைத்தன. திரும்பி வந்துவிடு என்று கேட்டு. இருவருமே மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள்.