‘அப்புறம் சொல்றேன்’

(மாணவர் குறும்படப் பயிற்சி முகாமின் தொடக்க நாளில் பேசியது. பேச்சு போன போக்கை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நான் செய்யாத இரண்டு காரியங்களையும் என் கணக்கில் சேர்த்து என்னை அறிமுகப்படுத்திய துறைத் தலைவர் அம்மா அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்னாலேயே பேசிவிட்ட சிறப்பு விருந்தினர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பேராசிரியப் பெருமக்களே, மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்த தம்பி, கடைசி வரிசையில் கதவை ஒட்டித் தயாராக உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ஒருவர் பெயரை விட்டுவிட்டு, அவர் ஆறு மாதம் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து எனக்குப் பட்டியல் என்றாலே பயம்.

தலைவர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. கேமராவை அலமாரியில் பூட்டி, சாவியைத் தன் மேசையில் வைத்துப் பாதுகாக்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். இவர் மாணவர்கள் கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்தவர். லென்ஸ் உடைந்து திரும்பி வந்த அன்றும், “யாருக்கும் அடிபடலையே?” என்றுதான் முதலில் கேட்டாராம். லென்ஸ் என்ன விலை என்பதை இரண்டாவதாகத்தான் கேட்டாராம். இந்த வரிசையில் கேட்கிறவர்கள் குறைவு. கைதட்டலாம்.

சரி. இன்றைக்கு ஐந்து விஷயம் சொல்லப் போகிறேன். கதை, படப்பிடிப்பு, ஒலி, படத்தொகுப்பு, விளம்பரம்.

முதலில் கதை. சினிமா பிறந்ததே குறும்படமாகத்தான். 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டியது பத்துப் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆலையிலிருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான் ஒரு படம். இன்றைக்கு ஆஸ்கர் விதிப்படி, பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருந்தால் குறும்படம். அதற்காக 40 நிமிடம் எடுத்துக்கொண்டு வராதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். முதல் படமா, ஏழு நிமிடம் போதும். ஒரு இடம், இரண்டு பேர், ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், மற்றவர் தர மறுக்கிறார். திரைக்கதையில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்பாமல், எழுதியதைச் சத்தமாகப் படித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். எழுதாமல் மட்டும் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

(சிரிப்பு.) சிரிக்கிறவர்கள் என் பழைய மாணவர்கள். இந்தப் பழமொழியை ஒரு கூட்டத்தில் நான் எத்தனை தடவை சொல்வேன் என்று பந்தயம் கட்டுகிற கூட்டம் அது. எண்ணிக்கொண்டே இருங்கள், இன்றைக்கு ஏமாற்ற மாட்டேன்.

படப்பிடிப்பைப் பற்றிச் சிறப்பு விருந்தினர் விரிவாகவே சொல்லிவிட்டார். பேசுகிற இரண்டு பேருக்கும் இடையே இழுத்ததாக நினைத்துக்கொள்ளும் 180 பாகைக் கோட்டைக் கேமராவோடு தாண்டாதே, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் ஐந்து நொடி கூடுதலாக ஓடவிடு என்று அவர் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நேராக ஒலிக்கு வருகிறேன்.

நாங்கள் மாணவர்களாக இருந்தபோது ஐந்து பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்தோம். எல்லாம் ஒரே அறைக்குள். அப்பாவும் மகனும் பேசிக்கொள்கிறார்கள், கதையே பேச்சுதான். கேமராவில் இருக்கிற மைக் எதற்கும் உதவாது என்று யாரோ சொல்லிக் கேட்டு, தனியாக ஒரு ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கி வந்தோம். அதை என் பொறுப்பில் விட்டார்கள். அறை சின்னது, மின்விசிறி சத்தம் போடுகிறது, நிறுத்து என்றார்கள், நிறுத்தினோம். சன்னலைச் சாத்தினோம். விளக்குச் சூட்டில் ஐந்து பேரும் நனைந்துபோய் நின்றோம். அப்பாவாக நடித்தவருக்கு ஒட்டுமீசை. மூன்றாவது டேக்கில் மீசையின் ஒரு பக்கம் மெதுவாகக் கீழே இறங்குகிறது. மகனாக நடித்தவன் சோகமாக அழ வேண்டிய இடம். அவன் மீசையைப் பார்த்துவிட்டான். அப்புறம் எங்கே அழுவது? பதினொரு டேக் போனது. பதினோராவதில் இரண்டு பேரும் அப்படி நடித்தார்கள், எனக்கே கண் கலங்கிவிட்டது. நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அந்தக் கருவியில் சிவப்பு பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் விளக்கு மின்னும். தயாராக இருக்கிறேன் என்று அர்த்தம். இன்னொரு தடவை அழுத்தினால்தான் விளக்கு மின்னாமல் நின்று எரியும். பதிவு தொடங்குவது அப்போதுதான். ஹெட்ஃபோனில் மட்டும் முதல் அழுத்தலிலேயே எல்லாம் கேட்கும், அற்புதமாகக் கேட்கும். நான் அன்று முழுக்க மின்னுகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு, அற்புதமாகக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

ராத்திரி கணினியில் போட்டால் ஒரு கோப்பும் இல்லை. மீசைக்காரர் மறுநாள் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார். கேமரா மைக்கில் பதிவான ஒலியைக் கேட்டால், கிணற்றுக்கு அடியில் இருந்து இரண்டு பேர் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. டப்பிங் பேச ஆளில்லை, நாளுமில்லை. கடைசியில், பேசுகிறது புரியட்டும் என்று, வசனம் முழுவதையும் திரையின் அடியில் எழுத்தாகப் போட்டுத் திரையிட்டோம். வெட்கத்தில் நான் அரங்கின் பின்சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன்.

படம் முடிந்ததும் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். “மூணு இடத்துல படிக்க முடியலை தம்பி. வெள்ளைச் சட்டை மேல வெள்ளை எழுத்தைப் போட்டா எப்படிப் படிக்கிறது?” என்று சத்தமாகக் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். அவர் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார். இருபது வருடம் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்தவராம், காது கேட்காமல் போய்விட்டது. அப்புறம் சொன்னார்: “வீட்டுல எல்லாரும் படம் பார்ப்பாங்க. திடீர்னு சிரிப்பாங்க. என்னன்னு கேட்டா ‘அப்புறம் சொல்றேன்’னு சொல்லுவாங்க. அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. இன்னைக்குத்தான் நான் யாரையும் கேக்கலை.”

ஒலி என்கிற தலைப்பில் நான் உங்களுக்குச் சொல்ல வைத்திருந்தது வேறு. ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் யாரும் பேசாமல் நின்று அந்த அறையின் அமைதியைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப உதவும். அதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் இங்கே வந்தது இந்தப் பெரியவருக்காக. நான் எந்த மேடையில் ஏறினாலும் வசன எழுத்தில்தான் போய் நிற்பேன் என்று துறைத் தலைவர் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். ஊமைப்பட காலத்தில் காது கேட்கிறவர்களும் கேட்காதவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தார்கள். வசனம் அட்டையில் எழுத்தாக வந்தது, எல்லோரும் படித்தார்கள். 1920களின் கடைசியில் படம் பேச ஆரம்பித்ததும் அட்டைகள் போயின. நமக்கெல்லாம் புதுக் கதவு திறந்த அன்று அவர்களுக்கு இருந்த கதவு சாத்தப்பட்டது. ஊமைப்படங்களில் நடித்த எமர்சன் ரொமேரோ காது கேளாதவர். பேசும் படம் வந்ததும் அவருக்கு நடிக்க இடமில்லை. அவர்தான் 1947இல் பழைய படப்பிரதிகளை வாங்கி, இடையிடையே வசன அட்டைகளைத் தானே வெட்டி ஒட்டித் தன்னைப் போன்றவர்களுக்குக் கொடுத்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேண்டுகிறவர்கள் மட்டும் வரவழைத்துக்கொள்ளும் வசன எழுத்து 1980 மார்ச்சில்தான் வந்தது. கேட்கும் திறன் குறைந்து, அதற்கு உதவி தேவைப்படுகிறவர்கள் உலகில் சுமார் 43 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் ஏழு நிமிடப் படத்துக்கு அவர்களில் ஒருவர்கூட வர மாட்டார் என்று எந்த நம்பிக்கையில் இருக்கிறீர்கள்?

செய்வது பெரிய வித்தையும் இல்லை. வசன எழுத்துக்கென்றே எஸ்ஆர்டி என்று ஒரு கோப்பு. சாதாரண நோட்பேடில் அடிக்கலாம். முதல் வரியில் எண். இரண்டாவது வரியில் வசனம் தொடங்கும் நேரம், ஓர் அம்புக்குறி, முடியும் நேரம். மூன்றாவது வரியில் வசனம். ஒரு வரி காலியாக விட்டு அடுத்தது. சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டு முறையில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறியும் புரியாத குறியுமாக வந்து நிற்கலாம். பேச்சை மட்டும் எழுதினால் போதாது. கதவு தட்டப்படுவது கதைக்கு முக்கியம் என்றால் “கதவு தட்டப்படுகிறது” என்று அடைப்புக்குள் எழுதுங்கள். எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கொடுங்கள். வெள்ளைச் சட்டையை மறக்காதீர்கள்.

ஒரு திரைக்கு இரண்டு வரி, ஒரு வரிக்கு 42 எழுத்து என்று ஓர் அளவு சொல்வார்கள். அது ஆங்கிலத்துக்கு வசதி. நம் ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ நமக்கு 11 எழுத்து, கணினி அதை 22 என்று எண்ணும். ஒரே சொல்லில் பாதி வரி காலி! அதனால் மென்பொருள் சிவப்பு காட்டுகிறதே என்று பயப்படாமல், வசனம் திரையில் நிற்கும் நேரத்துக்குள் ஒருவர் நிதானமாகப் படித்து முடிக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் அம்மாவை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் படித்து முடித்தால் சரி.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. பத்து நிமிடம் என்று போட்டிருக்கிறது. படத்தொகுப்பை விட்டுவிடுகிறேன், மன்னிக்க வேண்டும்.

விளம்பரத்துக்கு வருவோம். சுவரொட்டிக்கும் சுவர் இருந்தால்தான்... (சிரிப்பு.) இரண்டு! அந்தச் சுவர் எது தெரியுமா? படப்பிடிப்பு அன்றே தனியாக எடுத்து வைத்த புகைப்படம். மாணவர்கள் பெரும்பாலும் அதை எடுப்பதில்லை. கடைசி நாளில் வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி, அந்தச் சட்டகத்தைப் பிடித்துச் சுவரொட்டி செய்கிறார்கள். முழு எச்டி வீடியோவின் ஒரு சட்டகம் 1920க்கு 1080 புள்ளிகள், சுமார் 20 லட்சம்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் ஆறரை அங்குல அகலம்கூட வராது. ஏ3 தாளுக்கு ஒன்றே முக்கால் கோடிப் புள்ளி வேண்டும். இழுத்துப் பெரிதாக்கினால் கதாநாயகிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். போதாததற்கு, ஓடுகிற வீடியோவில் கை அசைந்தால் கலங்கித்தான் பதிவாகும். ஐந்து பேரில் ஒருவர் கையில் ஒரு நிழற்படக் கேமராவைக் கொடுத்துவிடுங்கள். தலைப்பு எழுதும்போது தமிழைப் பாருங்கள். சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’ மூன்று துண்டாக உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். அப்படியே அச்சாகி, சுவரில் ஏறி, வழியில் போகிறவர் சொல்லித்தான் எடுத்தவர்களுக்கே தெரிந்த கதையும் உண்டு.

முன்னோட்டம் ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும், முடிவைச் சொல்லிவிடாதீர்கள். அதிலும் எழுத்து போடுங்கள். காது கேட்கிறவர்களே கைப்பேசியில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தானே பாதி நேரம் பார்க்கிறார்கள்? ஆக, நான் சொல்கிற காரியத்தால் உங்களுக்கும் லாபம். அப்புறம், சுவரொட்டியின் அடியில் பெயர்களை நெருக்கி எழுதுவீர்களே, அதற்கு மேலே ‘தமிழ் வசன எழுத்துடன்’ என்று ஒரு வரி கண்ணில் படுகிற அளவில் போடுங்கள். எழுத்து இருக்கிறது என்று தெரிந்தால்தானே அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவார்!

தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு முதல், இங்கே திரையிட வரும் ஒவ்வொரு படத்தோடும் எஸ்ஆர்டி கோப்பும் வர வேண்டும் என்று விதிமுறையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கையெழுத்துக்கான தாள் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். தலைவர் புன்னகைக்கிறார். அது சம்மதமா என்று தெரியவில்லை, நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது முதல் படம் திரையிடப் போகிறார்கள். விளக்கை அணைக்கும் முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தம்பி, இந்தப் படத்துக்கு எழுத்து இருக்கிறதா? (திரையிடும் தம்பி தலையை ஆட்டுகிறார்.) இல்லையாம். அப்புறம் போடுகிறார்களாம்.

நன்றி, வணக்கம்.